முத்துசெல்வி வாங்கிய திட்டு

கோவில்பட்டி
8.9.2024

அன்புத் தங்கை ஜன்னத்துக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் யாசினும் மருமகளும் நலமாக இருக்க துஆ செய்கிறேன். இங்கே நானும் என் முழங்கால்களும் ஒருவரையொருவர் சகித்துக்கொண்டு காலம் தள்ளுகிறோம்.

இதைப் போனில் சொல்லலாம்தான். உன் காதுக்கு எட்டுகிற மாதிரி நான் கத்தினால் என் தெரு முழுக்கக் கேட்கும். நீ திருப்பிக் கத்தினால் பெங்களூரில் உங்கள் ஒன்பது மாடிக்கும் கேட்கும். அப்படி ஊர் கேட்க வேண்டிய சங்கதி இல்லை இது.

போன வாரம் பீர் முகம்மது அண்ணாச்சி மௌத்தாகிவிட்டார். மௌத்து வீட்டில் பெண்களுக்குப் பாய் விரித்திருந்தார்கள். எல்லாரும் கீழே இருக்க நான் மட்டும் நாற்காலி கேட்பதா என்று நானும் உட்கார்ந்துவிட்டேன். உட்கார்வதில் சிரமமில்லை. மேலேயிருந்து விழுகிற எந்தப் பொருளுக்கும் கீழே வருவது சுலபம்தான். ஜனாஸா எடுத்த பிறகு எல்லாரும் எழுந்தார்கள். என்னால் முடியவில்லை. இடது கையை ஊன்றிப் பார்த்தேன், வலது கையை ஊன்றிப் பார்த்தேன், கடைசியில் கையும் காலும் தரையில் ஊன்றியபடி கன்றுக்குட்டி மாதிரி நின்றுவிட்டேன். நாலு பெண்கள் சேர்ந்து தூக்கினார்கள். "டீச்சரைப் பாத்துத் தூக்குங்கட்டி, இடுப்பைப் பிடி" என்று ஒருத்தி சொன்னது ஆண்கள் பக்கம் வரை கேட்டது. இறந்தவரின் மகளே அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

நான் வீடு வந்து சேருமுன் செய்தி சென்னைக்குப் போய்விட்டது. ஹாரூன் போன் செய்தான். "உம்மா, அரையாண்டு லீவுக்கு வாரோம். அதுக்குள்ள தரையில உக்காந்து தனியா எந்திரிக்க முடியலைன்னா, வீட்டைப் பூட்டிட்டு எங்ககூட வந்திரணும். பேச்சே கிடையாது" என்றான். பிறந்தபோது தலை நிற்காத பிள்ளை, எனக்குக் கெடு வைக்கிறது.

டாக்டர், மூட்டில் பெரிய தேய்மானம் இல்லை, தொடைத் தசைதான் வேலையில்லாமல் சோம்பிவிட்டது, ஜிம்மில் சேருங்கள் என்கிறார். சேர்ந்துவிட்டேன். நாளை முதல் நாள்.

நீ நாகலாபுரம் வீட்டை விட்டு மகனோடு போய் ஆறு மாதமாகிறது. மகன் வீட்டில் இருப்பது எப்படி இருக்கிறது? ஒளிக்காமல் எழுது. உன் பதிலை வைத்துத்தான் நான் எவ்வளவு பயப்பட வேண்டும் என்று கணக்குப் போட முடியும்.

உன் லாத்தா,
ஆயிஷா பீவி


பெங்களூரு
17.9.2024

லாத்தாவுக்கு, வ அலைக்கும் ஸலாம்.

நாங்கள் எல்லாரும் சுகம். உன் கடிதத்தைப் படித்துச் சிரித்து எனக்குப் புரையேறிவிட்டது. ஜிம்மா? நாகலாபுரம் பஸ் நிறுத்தத்திலிருந்து நாலு எட்டில் இருக்கிற எங்கள் வீட்டுக்கு ஆட்டோ கிடைக்குமா என்று கேட்ட ஆளல்லவா நீ?

இங்கே ஒரு குறையும் இல்லை. துணிக்கு மெஷின், பாத்திரத்துக்கு மெஷின், வீடு கூட்டுவதற்குக்கூட ஆமை மாதிரி ஒரு மெஷின். யாசின் தங்கமாகப் பார்த்துக்கொள்கிறான். அவனும் மருமகளும் எட்டு மணிக்கு வேலைக்குக் கிளம்பினால் இருட்டித்தான் வருவார்கள். வீடு முழுக்க எனக்குத்தான்.

பக்கத்து வீட்டுக்கு ஓர் அம்மா வந்திருக்கிறது. நம் கரிசல்காட்டுப் பக்கத்து ஆள்தான், மகனோடு இருக்க வந்தது. லிஃப்டில் தனியாகப் போகப் பயந்துகொண்டு வாசலைத் தாண்டுவதில்லை. படியில் இறங்கலாமென்றால் ஒன்பது மாடி. சரியான பயந்தாங்கொள்ளி. அதன் கதை நமக்கெதற்கு? முதல் நாள் ஜிம்மில் என்ன நடந்தது, அதை எழுது.

தங்கை,
ஜன்னதுல் பிர்தௌஸ்


கோவில்பட்டி
6.10.2024

அன்பு ஜன்னத்துக்கு,

ஸலாம். இங்கே வெயில் சௌகரியமாக இருக்கிறது, எனக்குத்தான் சௌகரியம் இல்லை. உன் புரை இறங்கியிருக்கும் என்று நம்புகிறேன்.

ஜிம் எட்டயபுரம் சாலையில் ஒரு சிமெண்டுக் கடைக்கு மேலே மாடியில் இருக்கிறது. முழங்கால் வலிக்காரர்கள் படியேறிப் போய்த்தான் முழங்கால் வலியைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். நீச்சல் கற்றுக்கொடுக்கிற இடத்தை ஆற்றுக்கு அக்கரையில் வைத்தது போல.

வாழ்க்கையில் முதல் தடவையாக ஷூ வாங்கினேன். கடைக்காரர் "பேரனுக்கா டீச்சர்?" என்றார். வெட்கப்பட்டு ஆமாம் என்று சொல்லிவிட்டேன். பிறகு அளவு கேட்டார். என் காலையே நீட்ட வேண்டியதாயிற்று.

காலை பதினொன்றிலிருந்து பெண்களுக்கான நேரம். பர்தாவைக் கழற்றி மாட்டிவிட்டு, தொளதொளவென்ற சுடிதாரும் தலைத்துணியுமாக உள்ளே போனேன். நாலு பக்கமும் கண்ணாடி. வீட்டில் இருப்பது முகம் பார்க்கிற கண்ணாடி. முகத்துக்குக் கீழே என்னிடம் இவ்வளவு இருப்பதை இதுவரை யாரும் எனக்குக் காட்டியதில்லை. பக்கவாட்டில் என்னைப் பார்த்ததும் திரும்பிப் போய்விடலாமா என்றிருந்தது.

மூலையில் ஒதுங்கலாம் என்று பார்த்தேன். அதற்குள் "ஏட்டி, டீச்சர் வாராங்க" என்று ஒரு குரல். ஓடுகிற மெஷினில் ஓடிக்கொண்டிருந்தவள் இறங்கி நின்றாள். எடை தூக்கிக்கொண்டிருந்தவள் கீழே வைத்துவிட்டு நின்றாள். யாரோ பாட்டை நிறுத்தினார்கள். எல்லாரும் சேர்ந்து "வணக்கம் டீச்சர்". அத்தனையும் என்னிடம் கணக்குப் படித்ததுகள், இல்லையென்றால் படித்ததுகளின் மகள்கள். பழக்கதோஷத்தில் நானும் கையைக் காட்டி "உட்காருங்க" என்றேன். உட்கார அங்கே என்ன இருக்கிறது? எல்லாரும் நின்றுகொண்டு நான் மூச்சு வாங்குவதைக் கேட்டார்கள்.

முதல் பயிற்சி, உட்கார்ந்து எழுவது. நம் தோப்புக்கரணம்தான், காதைப் பிடிப்பதில்லை. பள்ளிக்கூடத்தில் தண்டனையாகக் கொடுத்ததை இங்கே கட்டணம் கட்டிச் செய்கிறேன்.

சொல்லிக்கொடுக்கிறவள் மாரிச்செல்வி. அவளும் பத்தாம் வகுப்பில் என்னிடம் படித்தவள், கெட்டிக்காரி. மற்றவர்களை விரட்டி விரட்டி வேலை வாங்குகிறாள். என் முன்னால் வந்தால் கையைக் கட்டிக்கொள்கிறாள். நான் எதைச் செய்தாலும் "நல்லா செய்யுதீங்க டீச்சர்". முடியாமல் பெஞ்சில் சாய்ந்து கண்ணை மூடினேன். அதற்கும் "நல்லா செய்யுதீங்க டீச்சர்". எல்லாத் தாளுக்கும் நூற்றுக்கு நூறு போடுகிற வாத்தியாரிடம் படிக்கிற பிள்ளை எப்படித் தேறும், நீயே சொல்.

நான் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை. மெஷின்களின் சுகம் தெரிந்துகொண்டேன். நீ எப்படி இருக்கிறாய்? அந்தப் பக்கத்து வீட்டம்மாவுக்கு எந்த ஊர்?

லாத்தா


பெங்களூரு
2.11.2024

லாத்தாவுக்கு ஸலாம்.

தாமதத்துக்குக் கோபிக்காதே. இங்கே தபால் பெட்டி கீழே இருக்கிறது. யாசின் ஞாபகமாக எடுத்துக்கொண்டு போனால்தான் உண்டு.

ஷூக்கடைக் கதையை மருமகளுக்கும் சொன்னேன். உன்னைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்கிறாள். அனுப்பிவிடாதே, எனக்கு இரத்த அழுத்தம்.

பக்கத்து வீட்டம்மா எந்த ஊர் என்று கேட்க மறந்துவிட்டேன். வீட்டார் வேலைக்குப் போன பிறகு அதற்குப் பேச ஆள் கிடையாது. கன்னடமும் தெரியாது, இந்தியும் தெரியாது. குக்கர் விசிலடித்தால் "இரிட்டி, வாரேன்" என்று பதில் சொல்லுமாம். மகனிடம் சொல்லித் தொலைத்தால்தான் என்ன என்று நானும் திட்டிப் பார்த்துவிட்டேன். அவன் பாவம், களைத்துப்போய் வருகிறான், அவனிடம் என்னத்தைச் சொல்வது என்கிறது. இப்படிப்பட்டவர்களை என்ன செய்வது?

நான் நல்ல சுகம்.

ஜன்னத்


கோவில்பட்டி
10.11.2024

அன்பு ஜன்னத்துக்கு,

ஸலாம். உன் இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை ஒழுங்காகப் போடு. இங்கே மழை பிடித்துக்கொண்டது. கரிசல் மண் செருப்பை மட்டுமல்ல, ஆளையே பிடித்து வைத்துக்கொள்கிறது. முழங்கால் முன்னைவிட மோசம். ஹாரூன் வர அதிக நாளில்லை. தரையிலிருந்து இன்னும் கட்டில் காலைப் பிடித்துத்தான் எழுகிறேன். எரிச்சலாக வருகிறது.

அதைவிட எரிச்சல் ஜிம்மில் நடக்கிற அநியாயம். முத்துசெல்வி என்று ஒரு பெண், போலீஸ் உடல்தகுதித் தேர்வுக்குப் பழகுகிறாள். ரப்பர் மாதிரி உட்கார்ந்து எழுவாள். அவளை என் பக்கத்திலேயே நிறுத்தியிருக்கிறாள் மாரிச்செல்வி. எனக்கு எப்போதும் போல "நல்லா செய்யுதீங்க டீச்சர்". சொன்ன கையோடு அந்தப் பெண் பக்கம் திரும்பிக் கத்துவாள்.

"ஏட்டி முத்துசெல்வி, முட்டி ஏன் உள்ள போவுது? பாதம் எங்கன பாக்குதோ முட்டியும் அங்கன பாக்கணும்."

"ஏட்டி முத்துசெல்வி, குதிகால் ஏன் எந்திரிக்கி? பறக்கப்போறியா?"

"ஏட்டி முத்துசெல்வி, மூச்சை எதுக்குப் பிடிச்சு வச்சிருக்க? பேங்குல போடவா?"

அந்தப் பிள்ளையின் முட்டி நேராக இருக்கிறது. குதிகால் தரையில் ஒட்டியிருக்கிறது. நான் கண்ணால் பார்க்கிறேன். பொறுக்க முடியாமல் மாரிச்செல்வியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். "சரியாகப் போட்ட கணக்கைத் தப்பென்று அடித்துப் பார், மறுநாள் அந்தப் பிள்ளை தப்பாகவே போட ஆரம்பிக்கும். திட்டுவதற்கும் ஒரு நியாயம் வேண்டும்." அவள் மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு "சரிங்க டீச்சர்" என்றாள். திரும்பி வந்ததும், "ஏட்டி முத்துசெல்வி, வாயை மூடிட்டு முதுகை நிமித்து." அந்தப் பிள்ளை வாயே திறக்கவில்லை, ஜன்னத்.

முத்துசெல்வியிடம் ஆறுதலாகப் பேசினேன். "இருக்கட்டும் டீச்சர், நல்லதுக்குத்தான சொல்லுதாங்க" என்று உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொள்கிறாள். திட்டு வாங்கிவிட்டுச் சிரிக்கிற பிள்ளையை என் சர்வீஸில் பார்த்ததில்லை.

உன்னைப் பற்றி இரண்டு வரி எழுது.

லாத்தா


பெங்களூரு
16.11.2024

என் அருமைக் கணக்கு டீச்சருக்கு,

ஸலாம், சுகம், எல்லாம் பிறகு. உன் கடிதம் மத்தியானம் வந்தது, உடனே எழுதுகிறேன்.

லாத்தா, அந்தத் திட்டெல்லாம் உனக்கு.

முட்டி உள்ளே போவது உனக்கு. குதிகால் எழுவது உனக்கு. வாயை மூடச் சொன்னதும் உனக்குத்தான். உன் முகத்துக்கு நேரே சொல்ல அந்தப் பெண்ணுக்கு வாய் வரவில்லை. அதனால் பக்கத்தில் ஒருத்தியை நிறுத்திச் சாடையாகச் சொல்கிறாள். மாமியார் இல்லாத வீட்டில் வாழ்க்கைப்பட்டவள் நீ, உனக்குத் தெரியாது. என் மாமியார் என்னை ஒரு வார்த்தை திட்டியதில்லை என்று நாகலாபுரமே மெச்சும். ஆட்டைத்தான் திட்டுவார்கள். "ஏ ஆடே, விடிஞ்சு இம்புட்டு நேரமாச்சு, ஒனக்கு எந்திரிக்க மனசில்லையா?" ஆடு எனக்கு முன்னாலேயே எழுந்து கொல்லையில் நிற்கும். ஆட்டுக்குச் சமைக்கத் தெரியாது, ஆட்டுக்குக் கை நீளம், ஆட்டுக்கு அம்மா வீட்டு நினைப்பு. எல்லாம் கேட்டு வளர்ந்தவள் நான்.

இனி முத்துசெல்வியைச் சொன்னால் நீ திருந்து.

பக்கத்து வீட்டம்மா குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டது. இடுப்பில் இரத்தக்கட்டு, பெரிதாக ஒன்றுமில்லை. மகனிடம் சொல்லவில்லை. சொன்னால் ஒரு நர்ஸைப் போட்டுக் கட்டிலோடு உட்கார வைத்துவிடுவான் என்று பயம்.

ஜன்னத்


கோவில்பட்டி
1.12.2024

அன்பு ஜன்னத்துக்கு,

ஸலாம். உன் கடிதம் வந்த அன்று வெட்கத்தில் ஜிம்முக்கே போகவில்லை. மறுநாள் போனேன். நீ சொன்னதை அப்படியே நம்பிவிடக் கூடாது, சோதித்துப் பார்க்க வேண்டும் அல்லவா? குதிகாலைத் தரையில் அழுத்தி உட்கார்ந்தேன். மாரிச்செல்வி பேசவில்லை. வேண்டுமென்றே குதிகாலைத் தூக்கினேன். "ஏட்டி முத்துசெல்வி, மறுபடியும் பறக்குதியா?" முத்துசெல்வி அப்போது அந்தக் கோடியில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாரிச்செல்விக்கு முகம் வெளிறிவிட்டது. "ஏட்டி, எங்கிட்ட நேராச் சொல்லவேண்டியதுதான?" என்றேன். "ஒங்களைப் போயி எப்படி டீச்சர்? வாயே வரமாட்டேங்குது" என்றாள். முத்துசெல்விதான் வழி சொன்னாள். "நான் வாங்கிக்கிடுதேன் டீச்சர். நீங்க பாட்டுக்குச் சரியா உக்காருங்க." இப்போது அப்படித்தான் நடக்கிறது. அவள் பெயரில் திட்டு, என் காலில் திருத்தம். வலி குறைந்திருக்கிறது. சுவரில் விரலை மட்டும் வைத்து எழுகிறேன். அந்த விரலையும் எடுத்துவிட்டால் தேறிவிடுவேன்.

ஒரு பாவமும் செய்யாத பெண் தினமும் என் முட்டிக்காகத் திட்டு வாங்குவதை மட்டும் என்னால் ரசிக்க முடியவில்லை.

அந்தப் பக்கத்து வீட்டம்மாவை டாக்டரிடம் காட்டினார்களா? நம் வயதில் இடுப்பில் அடிபடுவது விளையாட்டு இல்லை. நீ போய் மகனிடம் சொல். உடனே பதில் எழுது.

லாத்தா


பெங்களூரு
12.12.2024

லாத்தாவுக்கு ஸலாம்.

சுகம். வேறு விசேஷமில்லை. பக்கத்து வீட்டம்மா இப்போது அதிகம் பேசுவதில்லை. ஹாரூன் வந்தால் கேட்டதாகச் சொல்.

ஜன்னத்


கோவில்பட்டி
5.1.2025

அன்பு ஜன்னத்துக்கு,

ஸலாம். உன் நாலு வரிக் கடிதத்தை எடுத்துவைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

ஹாரூன் குடும்பத்தோடு வந்து போனான். வந்த மறுநாளே சோபாவில் சாய்ந்துகொண்டு, "எங்க உம்மா, செய்யுங்க பாப்போம்" என்றான். எத்தனை பிள்ளைகளுக்குத் தேர்வு வைத்திருப்பேன். அன்று தேர்வு எனக்கு. தரையில் உட்கார்ந்தேன். ஒரு பக்கம் சரிந்து, ஒரு முட்டியை ஊன்றி, மற்றப் பாதத்தை நேராக வைத்து எழுந்தேன். அழகாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். ஒட்டகம் எழும்போது பின்பக்கம் முதலில் வருமே, அப்படி. ஆனால் சுவரையும் தொடவில்லை, ஒருவர் கையும் பிடிக்கவில்லை.

"தொடையில கையை ஊனுனீங்க" என்றான்.

"என் தொடைதான? ஒன் தொடையா?" என்றேன்.

சுவர்க் காலண்டரைப் பார்த்துவிட்டு "சரி, மே மாசம் பாப்போம்" என்றான். தேர்வில் தேறியவளுக்கு அடுத்த தேர்வுக்குத் தேதி குறிக்கிற பிள்ளையை என்ன செய்ய? போகட்டும். அன்று மத்தியானம் லுஹரை நாற்காலி இல்லாமல் தொழுதேன். நெற்றி தரையில் பட்டது.

இவ்வளவுக்குப் பிறகும் மனம் நிம்மதிப்படவில்லை. உன் கடிதங்களை வரிசையாக வைத்து மறுபடி படித்தேன். கை எட்டுகிற தூரத்தில் நின்று என்னைத் திட்டியது எனக்குப் புரிய இரண்டு மாதமாயிற்று. பெங்களூரிலிருந்து வருவது புரிய அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகத்தான் ஆகும். மந்தமான மாணவி என்று நினைத்துக்கொள்.

அந்தப் பக்கத்து வீட்டம்மாவுக்கு ஒரு செய்தி. நீதான் சொல்ல வேண்டும். மகன் நல்லவன்தான், மருமகளும் நல்லவள்தான். அதற்காக வலியை மறைக்க வேண்டியதில்லை என்று சொல். முதலில் மகனிடம் விழுந்ததைச் சொல்லட்டும், டாக்டரிடம் காட்டட்டும். பிறகு கோவில்பட்டிக்கு வரட்டும். ஒரு மாதமோ ஒரு வருடமோ, அது அந்தம்மாவின் இஷ்டம். என் வீட்டு முன்னறை சும்மா கிடக்கிறது. வாசலைத் திறந்தால் தெரு. கூப்பிட்டால் நாலு பேர் வருவார்கள், கூப்பிடாமலும் வந்து உயிரை எடுப்பார்கள். யாரும் குக்கரோடு பேச வேண்டியிருக்காது.

ஜிம் என்றால் வெட்கப்படும். அந்தக் கண்ணாடியில் என் பக்கத்தில் யார் நின்றாலும் ஒல்லியாகத்தான் தெரிவார்கள் என்று சொல். அந்தம்மாவைப் பயந்தாங்கொள்ளி என்று இனி நீ எழுதாதே. எனக்குப் பிடிக்கவில்லை.

பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

லாத்தா


பெங்களூரு
18.1.2025

லாத்தாவுக்கு ஸலாம்.

பக்கத்து வீடு நான் வந்த நாளிலிருந்து பூட்டித்தான் கிடக்கிறது.

விழுந்ததை யாசினிடம் சொல்லிவிட்டேன். கேட்டதும் என் கட்டில் ஓரத்தில் வந்து உட்கார்ந்தான். பிறகு "ஏன் உம்மா எங்கிட்ட சொல்லல?" என்று கேட்டான். மறுநாள் லீவு போட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனான். எலும்பு முறியவில்லை. அசையாமல் கிடந்ததில் தசை இறுகிவிட்டதாம், நடக்கச் சொல்கிறார்கள். வெள்ளிக்கிழமை ரயிலுக்கு டிக்கெட் எடுத்திருக்கிறான், அவனே கொண்டு வந்து விடுகிறான். எத்தனை நாள் இருப்பேன் என்று அவன் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

எப்படி இருக்கிறாய் என்று முதல் கடிதத்திலிருந்து கேட்கிறாய். இடுப்பு வலிக்கிறது லாத்தா. உட்கார்ந்தால் எழ முடியவில்லை. வருகிறேன்.

ஜன்னத்